சிதறாத வெந்நீர்

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று மத்தியானம் முதலில் வெந்தவன் நான்தான். கீழே விழுந்த பேனாவை எடுக்கப்போய் மேசையை இடித்தேன். சுடச்சுட இருந்த டீ மொத்தமும் என் கால்சட்டையில் கவிழ்ந்தது.

"டாக்டருக்கு ஒரு பெட் போடட்டுமா?" என்றார் நர்ஸ் அக்கா.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவர் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அவர் மனைவி.

"அடுப்புல இருந்த வெந்நீரை இழுத்துக் கொட்டிக்கிட்டான் டாக்டர். இவ பக்கத்துலயே நின்னு பராக்கு பாத்துருக்கா!"

அவள் வலது கையைப் பைக்குப் பின்னால் மறைத்தாள். அதன் ஓரம் கன்றி வீங்கியிருந்தது. எனக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது.

"மேடம், அம்மா மேலதான் சந்தேகம்," என்று பையனைப் பார்க்க வந்த பெரிய டாக்டரின் காதைக் கடித்தேன்.

பையனின் வலிக்கு அவர் மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சார், நீங்க போய் அட்மிஷன் போட்டுட்டு வாங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இருக்கேன்."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

செக்யூரிட்டி அவரை அழைத்துப் போனதும், பெரிய டாக்டர் என்னைத் திரைக்கு அப்பால் இழுத்தார்.

"உன் கால்சட்டையைப் பாரு."

"அதை விடுங்களேன் மேடம்."

"பாருப்பா."

தொடையில் பெரிய திட்டு, கீழே வழிந்த கோடுகள், செருப்புவரை புள்ளிகள்.

"கொட்டினா இப்படித்தான் சிதறும். இவன் கால்ல?"

திரையை விலக்கிப் பையனைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் காலுறை போட்டதுபோல ஒரே மட்டத்தில் நின்றிருந்தது காயம். மேலே ஒரு துளி இல்லை.

"அடுப்புல இருந்து இழுத்திருந்தா முகத்துல, நெஞ்சுலதானே முதல்ல விழும்?"

"அப்ப, யாரோ தண்ணிக்குள்ள நிறுத்தி..."

"அசையவிடாம பிடிச்சிருக்காங்க."

"அம்மாவா?"

"அவங்க கை வேகலையே. எதையோ ஓங்கி ஓங்கி அடிச்ச கை அது. எதைன்னு அவங்கதான் சொல்லணும். நான் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு போன் பண்றேன். நீ போய்க் கேளு. பதிலை நீயே எடுத்துக் குடுத்துடாதே."

ஈரக் கால்சட்டையோடு அவள் எதிரே உட்கார்ந்தேன். "என்னம்மா நடந்துச்சு?"

அவள் கண் கதவிலேயே இருந்தது. "அவர் வந்துடுவாரு."

"செக்யூரிட்டி கூடவே இருக்காரு. பையன் இன்னிக்கு எங்ககிட்டதான் இருப்பான். யாரும் தூக்கிட்டுப் போக முடியாது."

மகனைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை வெளியே எடுத்து மடியில் வைத்தாள்.

"பாத்ரூம் கதவை உள்ள தாழ் போட்டுக்கிட்டாரு டாக்டர். அவன் கத்தினான். அவர் திறக்குற வரைக்கும் நான் தட்டிக்கிட்டே இருந்தேன்."