ஐந்து இழையும் மூன்று இழையும்

பொற்கொடி நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து, புலியகுளத்தில் இறங்கி மாடியேறி வந்தவள், மேசைமேல் இரண்டு காகிதங்களைப் போட்டுவிட்டு நின்றபடியே பேசினாள்.

"இது ஜூன் மாசம் லேப்ல கொடுத்ததுங்க. மார்புல புத்துநோய்னு போட்டிருக்குது. இது ஆஸ்பத்திரியில மாரை எடுத்ததுக்கப்புறம் அதைச் சோதிச்சுப் பார்த்துக் கொடுத்தது. புத்துநோயே இல்லைனு போட்டிருக்குது. எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க. இல்லாத நோய்க்கு அறுத்துப்போட்டாங்க."

டாக்டர் கிருபாவதி காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அரசு மருத்துவக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியில் சதைச் சீவல்களைப் பார்த்தே ஓய்வுபெற்றவர் அவர். இப்போது வைத்தியத்தில் ஏமாந்தவர்களுக்காக உண்மையைத் தேடித் தருகிறார். கண்டுபிடித்ததை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது சாராவின் வேலை. சாரா வக்கீல், மூக்குமேல் கோபம் உள்ளவள்.

"லேப்காரங்க என்ன சொல்றாங்க அம்மணி?" என்றார் கிருபாவதி.

பொற்கொடி மூன்றாவது காகிதத்தை எடுத்துப் போட்டாள். 'செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் எதிர்பாராத பிழை. வருந்துகிறோம்' என்று இரண்டே வரி.

"மெசினு தப்புப் பண்ணிருச்சாமுங்க. மனுசன்னா சட்டையப் புடிச்சுக் கேக்கலாம். மெசினை நான் என்ன பண்ணட்டுமுங்க?"

சாராவுக்குக் காது சூடேறியது. படிக்கவும் எழுதவும் இயந்திரத்தை வைத்ததே போதாதென்று, அறுக்கவா வேண்டாமா என்பதையும் அதனிடமே விட்டுவிட்டார்கள்!

கிருபாவதி ஜூன் மாத அறிக்கையைக் கையில் எடுத்தார். "சதை எடுத்தப்ப எப்படி எடுத்தாங்க?"

"துப்பாக்கி மாதிரி ஒரு ஊசிங்க. டக்குன்னு சத்தம் வரும், உள்ள போய்ட்டு நூலு மாதிரி ஒரு இழை சதையோட வரும். அஞ்சு தடவை. பல்லைக் கடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே படுத்திருந்தனுங்க."

அறிக்கையின் முதல் வரியிலும் 'பெறப்பட்டவை: ஐந்து இழைகள்' என்றுதான் இருந்தது. கீழே தீப்பெட்டி அளவில் ஒரு வண்ணப்படம். கிருபாவதி உருப்பெருக்கியை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சாராவிடம் நகர்த்தினார். மூன்று ரோஜா நிற இழைகள் தெரிந்தன. நடு இழையின்மேல் சிவப்புக் கட்டம். சாராவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாங்க, லேப்புக்குப் போலாம்" என்று எழுந்தார் கிருபாவதி.

அவிநாசி சாலையில் இருந்தது அந்த ஆய்வகம். வெயிலில் வெளுத்த 'நலம்பரி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 'ஏஐ' மட்டும் புதிதாகப் பளபளத்தது. உரிமையாளர் சென்னகேசவன் மூவரையும் தன் அறையில் உட்காரவைத்து, கேட்காமலேயே விளக்கினார்.

"சதையச் சீவிக் கண்ணாடித் துண்டுல ஒட்டி, சாயமேத்தி, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் பண்ணுவோமுங்க. படம் கிளவுட்டுக்குப் போயிரும். அங்க ஏஐ பார்த்துச் சந்தேகமான இடத்துல சிவப்புக் கட்டம் போடும். டாக்டர் மௌனிகா எந்த ஊர்ல இருந்தாலும் படத்தைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க. ஜூலை ஒண்ணாந்தேதி பேரையே மாத்திட்டமுங்க. போர்டு, பில், ஸ்டிக்கர் எல்லாத்துலயும் இப்ப நலம்பரி ஏஐதான்."

"இவங்களோட கண்ணாடியப் பார்க்கலாமா?" என்றார் கிருபாவதி.

சென்னகேசவன் தேடவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நானூற்றுப் பதினேழு என்று எண்ணிட்ட ஸ்டிக்கர். கிருபாவதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஐந்து இழைகள் தெரிந்தன. பிறகு மூலையிலிருந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"இதுல நோய் இல்லை."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்! இதைப் போய் ஏஐ புத்துநோய்னு சொல்லிப்போட்டுது. மென்பொருள் கம்பெனி மேல நாங்களே கேஸ் போடப் போறோம். நீங்க இதைப் பெருசாக்கி ரெண்டு குடும்பத்தையும் பயமுறுத்தாதீங்க."

சாரா அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஏஐ பார்த்த படம் கிளவுட்ல இருக்குமே?" என்றார் கிருபாவதி.

"இடம் அடைக்குதுன்னு அழிச்சாச்சுங்க."

"இவங்களை அறுத்தது சரியா தப்பான்னு கேள்வி இருக்கறப்பவே அழிச்சீங்களா?" சாரா எழுந்தே விட்டாள். கிருபாவதி அவள் கையைத் தொட்டு உட்காரவைத்தார்.

"டாக்டர் மௌனிகாவையும், ஸ்டிக்கர் ஒட்டினவரையும் கூப்பிடுங்க. இவங்க கண்ணாடியோட அன்னைக்கு வந்த மத்த கண்ணாடிகளையும் எடுத்து வரச் சொல்லுங்க. யார் பேரும் எனக்கு வேண்டாம், நம்பர் போதும்."

சென்னகேசவன் தயங்கினார். நீதிமன்ற உத்தரவோடு திரும்பி வரட்டுமா என்று சாரா கேட்டதும் மணியை அழுத்தினார்.

ஸ்கேனர் அறையிலிருந்து ஜெப்ரி தட்டோடு வந்தான். பத்து வருடமாக அங்கே வேலை பார்ப்பவன். இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்து கண்கள் குழிவிழுந்திருந்தன. அடுத்த அறையிலிருந்து மௌனிகா வந்து கதவோரமாக நின்றார்.

தட்டில் முப்பத்தொன்பது கண்ணாடிகள். கிருபாவதி பொற்கொடியினுடையதையும் அதன் இடத்தில் செருகினார். "சாரா, ஸ்டிக்கருல என்ன போட்டிருக்குது, வாசி."

சாரா விரலை வைத்து வாசித்தாள். நலம்பரி, நலம்பரி, நலம்பரி. நானூற்றுப் பதினேழு வந்தபோது விரல் நின்றது. நலம்பரி ஏஐ. அடுத்தது, நானூற்றுப் பதினெட்டு. அதுவும் நலம்பரி ஏஐ. அதற்கப்புறம் மறுபடி வெறும் நலம்பரி.

"இதெல்லாம் ஜூன் மூணாந்தேதி ஒட்டினது. புதுப் பேரு ஜூலையில வந்துச்சு. அப்ப இந்த ரெண்டு ஸ்டிக்கரையும் யாரோ பின்னாடி கிழிச்சு மாத்தியிருக்காங்க" என்றார் கிருபாவதி. "ஏன் மாத்தணும்? பொற்கொடிகிட்ட எடுத்தது அஞ்சு இழை. ரிப்போர்ட்லயும் அஞ்சுன்னுதான் எழுதியிருக்குது. ஆனா அதுல அச்சடிச்ச படத்துல மூணுதான் இருக்குது. ஏஐ பார்த்தது இவங்க சதையே இல்லை."

அவர் நானூற்றுப் பதினெட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று இழைகள். நுண்ணோக்கியில் வைத்தவர், வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

"இதுல புத்துநோய் இருக்குது. மெசினு சரியாத்தான் சொல்லியிருக்குது. அதுக்குக் கொடுத்த கண்ணாடிதான் மாறிப்போச்சு."

காலையிலிருந்து இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று சாரா நினைத்தாள். அது பார்த்ததைச் சொன்னது. பார்த்ததை மறைத்தவன் எதிரே மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறான்.

"முதல்ல மாத்தி ஒட்டினது நானாத்தான் இருக்கோணுமுங்க" என்றான் ஜெப்ரி. "அன்னைக்கு இது மாதிரி மூணு தட்டு, நூத்துக்கு மேல கண்ணாடிங்க. ஆனா மறுபடி நான் ஒட்டலீங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. ஜூலையில இவங்களுக்கு நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரிக் கடுதாசி வந்த அன்னைக்கு, சார் இந்தத் தட்டை வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாரு."

"ஜெப்ரி காட்டிக் கொடுக்கவே வேண்டியதில்லை" என்றார் கிருபாவதி. "சாரா, நம்ம உள்ள வந்ததும் இவரு சொன்னதைப் படி."

சாரா குறிப்பேட்டைப் புரட்டினாள். "'ரெண்டு குடும்பத்தையும் பயமுறுத்தாதீங்க.'"

"நாங்க ஒரு குடும்பத்துக்காகத்தான் வந்தோம். ரெண்டாவது குடும்பம் ஒண்ணு இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சென்னகேசவன்?"

சென்னகேசவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புதுப் பேரு வெச்ச மாசமுங்க. வெளிய தெரிஞ்சா லேப்பையே மூடோணும். ஏஐ தப்புன்னா ஜனங்க ஒத்துக்குவாங்கன்னு..."

"நானூத்திப் பதினெட்டாம் நம்பர் அந்தம்மாவுக்குச் சொன்னீங்களா?"

சென்னகேசவன் திறந்திருந்த மேசை இழுப்பறையைச் சாத்தினார்.

"அந்தம்மாவுக்கு நோய் இருக்குதுன்னு ரெண்டு மாசமாத் தெரியும். சொல்லலை!" சாரா மேசையில் அறைந்தாள். "தப்பு ஜெப்ரி பண்ணினதுய்யா. நீ பண்ணினதுக்குப் பேரு தப்பு இல்லை."

கிருபாவதி மௌனிகாவைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சுன்னு எழுத்துல இருக்குது, மூணு கண்ணு முன்னாடி இருக்குது. கையெழுத்துப் போட்டது நீங்க. எண்ணலையா?"

"சிவப்புக் கட்டத்துக்குள்ள மட்டும்தான் மேடம் பார்த்தேன்" என்றார் மௌனிகா. "அந்தம்மா அட்ரஸ் கம்ப்யூட்டர்ல இருக்குது. நான் எடுத்துத் தாரேன்."

"எடுத்துக் கொடுத்தா முடிஞ்சுதுங்களா?" என்றாள் பொற்கொடி. அந்த அறைக்குள் அவள் வாய் திறந்தது அப்போதுதான். மௌனிகா அழுதார். பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சாரா போலீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்து தட்டையும் கணினியையும் கைப்பற்றி முத்திரையிடும் வரை, சென்னகேசவனை இருக்கையைவிட்டு எழ விடவில்லை. பிறகு மௌனிகா தந்த முகவரியோடு மூவரும் காரில் பெருந்துறைக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "நானும் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள் பொற்கொடி.

அந்த முகவரியில் இருந்தவள் பாவாத்தாள், சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவள். ஐம்பது வயதிருக்கும். ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசு இருந்தது. கிருபாவதி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மார்பையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

"கட்டி பெருசாகுதுன்னு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனனுங்க" என்றாள் பாவாத்தாள். "நோய் இல்லைன்னு லேப்ல கொடுத்த அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப்போட்டு, ஒண்ணுமில்லை போங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. சந்தோசமா வந்துட்டேன்."

அவள் பார்வை பொற்கொடியின் பக்கம் போயிற்று. சேலை முந்தானை ஒரு பக்கம் தட்டையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாள்.

"அப்ப என் நோய்க்கு உன்னைய அறுத்துட்டாங்களா கண்ணு?"

காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத பொற்கொடியின் கண்கள் நிறைந்தன. சாரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணுமின்னேதான் சொல்லாம உட்டானா அந்த ஆளு?" பாவாத்தாளின் குரல் உயர்ந்தது. "நான் அவன் மூஞ்சியப் பார்க்கோணும். பார்த்து நாலு வார்த்தை கேக்கோணும்."

"கேக்கலாமுங்க." பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "கோர்ட்டுல நிக்கவெச்சு ரெண்டு பேருமாக் கேக்கலாம். அதுக்கு நீங்க உசுரோட இருக்கோணும். ஆஸ்பத்திரியில எந்த டாக்டரு, எந்த வார்டுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். எந்திரிங்க, இப்பவே போலாம்."