மூஞ்சி அவளோடது

காலை எட்டு மணிக்கு வந்த கோபம் மத்தியானம் இரண்டு மணி ஆகியும் எனக்கு ஆறவில்லை. சீக்கிரம் ஆறுவதற்கு நான் என்ன காபியா?

என்னை எல்லாரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். மூக்கு என்னுடையதுதானே!

எங்கள் பள்ளியின் செஸ் குழுவில் மூன்று பேர். நான், கிளிக், தலையாட்டி. கிளிக் என் சிநேகிதி. பல் தேய்க்கும்போதுகூட அவள் கழுத்தில் கேமரா தொங்கும். தலையாட்டி எங்கள் வகுப்புப் பையன். நான் "மழை வரும்" என்றால் தலையை ஆட்டுவான். கிளிக் "வராது" என்றாலும் ஆட்டுவான். "நீ என்னதான்டா சொல்ற?" என்று கேட்டால் அதற்கும் ஆட்டுவான்.

போட்டிக்காக மூவரும் வெளிநாட்டுக்கு வந்திருந்தோம். மூவரும் தோற்றோம். அதில் எனக்குக் கோபம் இல்லை. எதிரில் உட்கார்ந்தவர்கள் நன்றாக ஆடினார்கள். என் கோபமெல்லாம் காலையில் பஸ்ஸில் நடந்ததைப் பற்றித்தான்.

பஸ்ஸில் நான் தூங்கிவிட்டேன். வாய் திறந்திருந்தது. உதட்டிலிருந்து சட்டைக் காலர் வரை எச்சில் வழிந்திருந்தது. கிளிக் அதைப் படம் எடுத்துவிட்டாள். எடுத்ததோடு விட்டாளா? கேமராவை ஒவ்வொரு சீட்டாகக் கைமாற்றி விட்டாள். கடைசியில் சிக்னலில் பஸ் நின்றபோது டிரைவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. சிரிக்க மட்டும் தெரிந்திருந்தது.

"அத அழிச்சிடு" என்றேன்.

"சூப்பரா வந்திருக்குடி! வெளிச்சத்தப் பாரு. உன் எச்சில்ல வெயில் அப்படியே மின்னுது!"

"கிளிக், அழி."

"கலைன்னா என்னன்னு உனக்குத் தெரியல" என்று சொல்லி, கேமராவை மூடிவிட்டாள். தலையாட்டி இரண்டு பேருக்கும் ஒவ்வொரு முறை தலையை ஆட்டினான்.

அந்தக் கோபத்தோடுதான் மத்தியானம் சீனர்கள் வாழும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். வண்டிகள் நுழைய முடியாத நீளமான தெரு. கடைப் பலகைகளில் எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்கின. ஒரு மருந்துக் கடையில் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். நூறாவது இருக்கும். கடைக்காரர் ஒன்றைக்கூடத் தேடாமல் சரியாக இழுத்தார். தெருமுனையில் இரண்டு பேர் வட்ட வட்டமான மரக்காய்களை வைத்து ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் செஸ் மிஸ் அங்கேயே நின்றுவிட்டார். "இது அவங்க ஊர் செஸ். பாரு, அந்தக் காய் நடுக்கோட்டத் தாண்டவே மாட்டேங்குது! நான் இங்கதான் இருப்பேன். நீங்க இந்த ஒரு தெருவச் சுத்திப் பாருங்க. வேற தெருவுக்குப் போகக் கூடாது. நாலு மணிக்கு பஸ்" என்றார், காய்களை விட்டுக் கண்ணை எடுக்காமலே. பிறகு, "கிளிக், ஆண்டு மலருக்கு அட்டைப்படம் மறந்துடாத" என்றார்.

அவ்வளவுதான். கிளிக்கைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தையல்காரரை எடுத்தாள். துடைப்பத்தோடு நின்ற அம்மாவை எடுத்தாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளிக் மறுபக்கம் ஓடிப் போய் எடுத்தாள்.

"கேட்டுட்டு எடுடி" என்றேன்.

"கேட்டா போஸ் குடுப்பாங்க. போஸ் குடுத்தா படம் செத்துடும்."

தெருவின் நடுவில் ஒரு போட்டோக் கடை இருந்தது. கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கேமரா வரைந்து, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

கிளிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போட்டோக் கடையில போட்டோ எடுக்கக் கூடாதாம்! ஓட்டல்ல சாப்பிடாதீங்கன்னு எழுதி வெச்ச மாதிரி!"

எனக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருந்ததால் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே, எங்கள் வயதுச் சிறுமி ஒருத்தி கழுத்தில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். நெற்றி முடியை வெட்டிவிட்டிருக்கிறார். வெட்டியது ஒரு பக்கம் புருவத்தில் இருந்தது, மறுபக்கம் நெற்றி உச்சியில் இருந்தது. சிறுமி கைக்கண்ணாடியில் பார்த்தாள். அவள் உதடு கோணியது. பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

எனக்கும் ஒரு முறை என் அம்மா இப்படி வெட்டிவிட்டிருக்கிறார். ஒரு வாரம் தொப்பியோடு பள்ளிக்குப் போனேன். பாவம் என்று நான் நினைத்த அதே நொடியில் பக்கத்தில் சத்தம் கேட்டது.

கிளிக்!

"அட்டைப்படம் கிடைச்சாச்சு!" என்று கத்தினாள் என் சிநேகிதி.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். துண்டோடு எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கிளிக் எடுத்தாள் ஓட்டம். தலையாட்டியும் அவள் பின்னால் ஓடினான். நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன்.

அந்தச் சிறுமி என்னைத் திட்டினாள் பாருங்கள்! ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. கண்ணாடியைக் காட்டினாள், காகிதத்தைக் காட்டினாள், தன் முடியைக் காட்டினாள், என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் எடுக்கல! என்கிட்ட கேமராவே இல்ல!" என்று நானும் கரடியாய்க் கத்தினேன். அவள் சீனத்தில் கத்தினாள், நான் தமிழில் கத்தினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மூச்சு வாங்க இரண்டு பேரும் நிறுத்தினோம். அவள் கண்ணில் மறுபடியும் நீர் திரண்டது. துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்னைத் திட்டியதுகூட எனக்கு வலிக்கவில்லை. அந்தத் துண்டை இழுத்துக்கொண்டாளே, அதுதான் தாங்கவில்லை.

மருந்துக் கடைக்குப் பக்கத்தில் கிளிக்கைப் பிடித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன விட்டுட்டு ஓடுற? திட்டெல்லாம் நான் வாங்கணுமா?"

"சாரிடி. பயந்துட்டேன்."

"சரி. படத்த அழி."

"அது மட்டும் முடியாது." கிளிக் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் இதுவரைக்கும் எடுத்ததுலயே இதுதான் நல்ல படம். பாரு, கண்ணாடியில தெரு தெரியுது, உள்ள அவ அழுவுறா. அட்டைக்குன்னே பொறந்த படம்."

"ரெண்டாயிரம் புத்தகத்துல அவ அழுமூஞ்சி வரணுமா?"

"அவளுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு நாம ஊருக்குப் போயிடுவோம். அவ யாரோ, நாம யாரோ. இது என் படம்!"

"படம் உன்னோடதா இருக்கலாம். மூஞ்சி அவளோடது!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலையாட்டி முதல்முறையாகத் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.

நான் கேமராவின் வாரைப் பிடித்து இழுத்தேன். அவள் இழுத்தாள். நான் இழுத்தேன். வார் அவள் தலை வழியாகக் கழன்று என் கைக்கு வந்துவிட்டது.

திரையில் அந்தப் படம் இருந்தது. அழிக்கும் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சிறுமிக்கு அது எப்படித் தெரியும்? தன் அழுமூஞ்சியை யாரோ எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதானே அவள் இருப்பாள்? காலையிலிருந்து நான் அப்படித்தானே இருக்கிறேன்?

கேமராவை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போட்டோக் கடைக்கு நடந்தேன்.

"ஏய்! எங்க போற? என் கேமரா! ஐயோ, அங்க வேணாம்டி!" என்று கிளிக் பின்னாலேயே வந்தாள். கன்று முன்னால் போனால் பசு வராமல் என்ன செய்யும்?

கடைக்குள் ஒரு பருமனான மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர். சிறுமியின் அம்மா எங்களைப் பார்த்து, பொறுங்கள் என்று ஒரு விரலைக் காட்டினார். சுவர்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு சீப்பு தொங்கியது. மாமா அதை எடுத்துத் தன் தலையில் மிச்சமிருந்த ஒன்பது முடியையும் வாரிக்கொண்டார்.

அம்மா படம் எடுத்தார். கேமராவைத் திருப்பி அவரிடம் காட்டினார். மாமா உதட்டைப் பிதுக்கினார். அம்மா அழித்தார்.

மறுபடி எடுத்தார், காட்டினார். மாமா தலையை அசைத்தார். அழித்தார். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் பார்த்துத்தான் மாமாவுக்கு முகம் மலர்ந்தது. அந்த அம்மாவின் முகம் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை.

கிளிக் என் காதில் குசுகுசுத்தாள். "ரெண்டாவது படம் பிரமாதமா இருந்துச்சுடி! எதுக்கு அழிச்சாங்க?"

"அவருக்குப் பிடிக்கல."

"அதுக்காக?"

"ஆமா. அதுக்காகத்தான்."

மாமா எழுந்து போனார். மூலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த சிறுமி எங்களை அப்போதுதான் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் நான் கேமராவைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"மிளகாய்!" என்று அலறினாள் கிளிக்.

"நீ போய் ஸ்டூல்ல உட்காரு."

"நானா? எதுக்கு?"

"உட்காருன்னா உட்காரு!"

என் குரலில் இருந்த காரத்துக்குத் தலையாட்டியே உட்காரப் போனான். அவனை இழுத்துவிட்டு கிளிக்கை உட்கார வைத்தேன். பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்து, கண்முன் விரலை மடக்கி, எடு என்று காட்டினேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கண்ணில் ஒரு மினுக்கு வந்தது. கேமராவைத் தூக்கினாள்.

"ஏய் இரு, இரு, முடிய வாரிக்கிறேன், அந்தச் சீப்ப..."

கிளிக்!

சிறுமி திரையைக் கிளிக்கிடம் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாய் கோணி, பல் வெளியே! பஸ்ஸில் நான் இருந்ததைவிட மோசம். எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

கிளிக்கின் முகம் வெளுத்தது. "வேணாம்" என்றாள் தமிழில். "நோ, நோ" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

சிறுமி அசையவில்லை. கேமராவைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளவும் அவளுக்கு நியாயம் இருந்தது. தலையாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு, கிளிக்குக்குத் தெரியும்படி கேமராவைத் திருப்பி, பொத்தானை அழுத்தினாள். படம் போய்விட்டது.

கிளிக் பெருமூச்சு விட்டாள். ஆனால் சிறுமி கேமராவைக் கொடுக்கவில்லை. பின்னோக்கித் தள்ளி, தன் அழுமூஞ்சிப் படத்தைத் தேடி எடுத்தாள். கோணல் முடி, கலங்கிய கண், கோணிய உதடு. அதை அவளே அழித்திருக்கலாம், கேமரா அவள் கையில்தானே இருந்தது. அழிக்கவில்லை. கிளிக்கிடம் நீட்டினாள். நீட்டிவிட்டு, தலையை ஒரே ஒரு முறை அசைத்தாள். வேண்டாம்.

கிளிக் அந்தப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்ல படம்டி" என்றாள் என்னிடம், அழுகிற குரலில்.

"தெரியும்" என்றேன். அது உண்மையிலேயே நல்ல படம்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

சிறுமி திரையைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். தோளிலிருந்த துண்டை அவிழ்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். முன்பு திட்டினாளே, அதற்கு மன்னிப்பாக இருக்கலாம். இல்லை, இன்னும் கொஞ்சம் திட்டாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் வாங்கிக்கொண்டேன்.

"இப்ப பஸ்ல எடுத்தது" என்று கிளிக்கிடம் சொன்னேன்.

"அதுவுமா? எச்சில்ல வெயில் மின்னுதுடி!"

நான் தலையை ஒரே ஒரு முறை அசைத்தேன். முனகிக்கொண்டே அழித்தாள்.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "என்னோடதும்." தலையாட்டி! "முந்தாநாள் எடுத்தியே, மூக்குல விரல வெச்சுக்கிட்டு. எனக்கு அது பிடிக்கல. அன்னிக்கே பிடிக்கல."

"அன்னிக்கு நீ தலைய ஆட்டினியேடா!"

"அது பழக்கம்" என்றான்.

மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. வாசல் வரை வந்த கிளிக் நின்றாள். திரும்பிப் போய், கயிற்றில் தொங்கிய சீப்பைக் காட்டி, கேமராவைக் காட்டி, சிறுமியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சிறுமி யோசித்தாள். வேண்டுமென்றே ரொம்ப நேரம் யோசித்தாள். கிளிக் கால் மாற்றி நின்றாள். கடைசியில் சிறுமி தன் அம்மாவிடம் கேட்டு, சரி என்று தலையசைத்தாள். அட்டைப்படத்துக்காக அந்தச் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள் கிளிக்.

சாயங்காலம் பஸ்ஸில் கிளிக்கும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்குப் படம் போன வருத்தம். எனக்கு மிச்சக் கோபம். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தோம். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"மிளகாய். வாயத் திறந்துக்கிட்டு தூங்குற" என்றாள் கிளிக். கேமரா மடியில் மூடியோடு இருந்தது. "எடுக்கட்டுமா?"

"வேணாம்."

"சரி" என்றாள்.

ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து தூங்கினேன்.