மாதப்பன் கழுத்துச் சாவி

காலை 7.40. மத்திகிரிப் பள்ளி மைதானத்தில் சாமான் அறைக்குள் நுழைந்த முகாம் பொறுப்பாளர் முனிராஜ் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

தேர்வாளர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்சைக் காணோம். பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. இருப்பது ஒரே சாவி. அது மாதப்பன் கழுத்தில் தொங்கியது.

மாதப்பனுக்கு இருபத்திரண்டு வயது. அறிவு வளர்ச்சி குறைவு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நூறு மீட்டரில் அவனை முந்த அந்த மைதானத்தில் ஆள் கிடையாது. சாவி அவன் பொறுப்பு. பயிற்சியாளர்கள் யார் சொன்னாலும் திறப்பான், பூட்டுவான்.

"திருடன் கையில சாவி குடுத்த கதையாயிடுச்சி!" என்றார் முனிராஜ். "இவன் இன்னிக்கி ஓட வேணாம்." சாவியை அவன் கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஜெயமணிக்கு முகம் வெளுத்தது. மாதப்பனைப் போன்றவர்களுக்குப் பயிற்சியாளராகச் சான்றிதழ் வாங்கத்தான் அவள் கம்பெனி ஷிப்டுக்கு லீவு போட்டு இந்த முகாமுக்கு வந்திருந்தாள். இன்று கடைசித் தேர்வு. அவரவர் வீரரைத் தேர்வாளர் முன் ஓட வைத்துக் காட்ட வேண்டும். மாதப்பன் ஓடாவிட்டால் அவளுக்குச் சான்றிதழ் இல்லை.

"அவன் எடுத்திருக்க மாட்டான் சார்..."

"பின்ன, பேயா வந்து எடுத்துச்சி? சொல்லுடா! எங்க வெச்ச? யாருக்குக் குடுத்த?"

மாதப்பன் நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது.

"கூட்டமா நின்னு கத்தினா அவன் என்னாங்க சொல்லுவான்?" என்று குறுக்கே வந்தாள் சாந்தம்மா. "ஒரு நேரத்துல ஒரு கேள்வி. மொத நாள் பாடமே அதானே?"

ஓசூரில் ஏட்டம்மா அவள். காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பயிற்சிக்கு வந்தவள். பழக்கம் விடுமா? கண் அறையைப் பார்க்கவில்லை, மாதப்பனைத்தான் பார்த்தது.

மடிப்புக் கலையாத புது மஞ்சள் பனியன். அதன் மேல் இடது பக்கம் கையை அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தான். கை நழுவியபோது அடியில் ஒரு பச்சை நட்சத்திர ஸ்டிக்கர் மின்னியது. வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வீரர் ஒன்றைச் சரியாகச் செய்தால் அந்த நொடியே 'சபாஷ்' சொல்லி ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும் என்பது முகாம் வழக்கம். பயிற்சி பெறுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். சாந்தம்மாவுக்கு நீலம், ஜெயமணிக்குச் சிவப்பு.

"பனியன் எப்ப குடுத்தீங்க சார்?"

"விடியக்காலையில குளிச்சிட்டு வந்ததும் நானே குடுத்தேன். அதுக்கென்ன இப்ப?"

அப்போதுதான் பையும் தோளுமாய் ஓடி வந்தான் சுபாஷ். தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மாநிலப் போட்டிக்கு அணியோடு பயிற்சியாளராகப் போக ஒரே ஒரு இடம்தான். அதற்கு அவனும் ஜெயமணியும்தான் போட்டி.

"சாரி சார்! சானமாவு காட்டுல யானை ரோட்ட மறிச்சி நின்னுட்டுது. பஸ்ஸு நகரல. என்னா ஆச்சி?"

அவன் சட்டைப்பையில் பச்சை ஸ்டிக்கர் தாள் எட்டிப் பார்த்தது.

"இப்பதான் வரீங்களா?" என்றாள் சாந்தம்மா.

"ஆமா மேடம்."

"மாதப்பன இன்னிக்கி பாக்கல?"

"மொகத்தக்கூட பாக்கல."

"அப்ப உங்க நட்சத்திரம் அவன் நெஞ்சுக்கு எப்படி வந்துச்சி?"

சுபாஷ் அவசரமாகச் சட்டைப்பையைக் கையால் மூடினான்.

"இங்க தினமும் எல்லார் மேலயும் நட்சத்திரம் இருக்குது. அதான் யாருக்கும் கண்ணுல படல," என்றாள் சாந்தம்மா. "ஆனா இன்னிக்கி பயிற்சி ஆரம்பிக்கவே இல்ல. பனியனும் இன்னிக்கி குடுத்தது. பச்சை உங்க கலரு. விடிஞ்சதும் வந்தீங்க, அவன திறக்கச் சொன்னீங்க, எடுத்தீங்க. வெளிய போயிட்டு யானைக் கதையோட திரும்பி வந்துட்டீங்க."

பிறகு மாதப்பன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "யாருப்பா ஒட்டினது?"

மாதப்பனின் விரல் நேராகச் சுபாஷிடம் போய் நின்றது. "சபாஷ் சொன்னாரு," என்றான்.

சுபாஷின் பையில், துண்டுக்குள் இருந்தது ஸ்டாப்வாட்ச்.

"ஜெயமணி பாஸானா எனக்கு எடமில்ல. பழி மாதப்பன் மேல விழுந்தா அவங்க பாஸாக முடியாதுன்னு நெனச்சேன் மேடம்," என்று தலை குனிந்தான் சுபாஷ்.

"அது சரி. திருட வந்த எடத்துல நட்சத்திரம் எதுக்கு?"

"கதவ அழகா திறந்தான்... கை தானா போயிடுச்சி."

"படிச்ச பாடம் வீண் போகல போ," என்றாள் சாந்தம்மா. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தேர்வாளர் சுபாஷை முகாமிலிருந்தே விலக்கினார்.

காலை 10.15. மீட்கப்பட்ட ஸ்டாப்வாட்சை அழுத்தி நிறுத்திய தேர்வாளர், அதை நம்பாமல் இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். மாதப்பனுடையதுதான் அந்த முகாமின் மிக வேகமான ஓட்டம். ஜெயமணி மைதானம் அதிரக் கத்தினாள். சான்றிதழில் அவள் பெயர் ஏறியது, மாநிலப் போட்டிக்கு இடமும் கிடைத்தது.

முனிராஜ் தயங்கித் தயங்கி வந்தார். காலையில் பிடுங்கிய சாவியை மாதப்பன் கழுத்தில் தம் கையாலேயே மாட்டினார்.

"தப்பா பேசிட்டேன்டா. மன்னிச்சுக்கோ."

மாதப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஜெயமணியின் தாளிலிருந்து ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பிய்த்து, முனிராஜின் சட்டையில் பளீரென்று ஒட்டினான்.

"சபாஷ்!"