ஏறச் சொன்ன கை

“ஐயோ... விழுந்துடுவாரு... யாராவது பிடிங்கடா!”

அலறல் கேட்டுக் கட்டிட வேலையில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கிரேன் கோபுரத்து ஏணி. பாதி உயரம். அங்கே ஒரு மனிதர் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலேயும் போகவில்லை. கீழேயும் வரவில்லை.

கிரேன்காரர்!

அந்த மாதிரி ஏணிகளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். இன்றைக்கு முடியவில்லை. முடியாது என்று இதய டாக்டர் முன்பே பச்சையாகச் சொல்லிவிட்டார். ரத்தத்தை இறைக்கிற பலம் இதயத்துக்குப் பாதிகூட இல்லை. இனிமேல் கோபுரம் ஏறினால் ஒருநாள் ஏணியிலேயே கதை முடிந்துவிடும்.

பின்னே எதற்கு ஏறினார்?

கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும்.

வேலை செய்ய முடியாத இதய நோயாளி என்று அரசு அலுவலகம் அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அந்த அலுவலகத்துக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியது யாரென்று தெரியாது. அதில் கிரேன்காரர் தன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவுதான். ஆள் கல்லு மாதிரி இருக்கிறார் என்று தொகையை நிறுத்திவிட்டார்கள். நன்றாக இருக்கிறாய் என்றால் வந்து ஏறு, இல்லாவிட்டால் வேலை காலி என்றது கம்பெனி.

ஏறினார்.

கயிறு கட்டி இறக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்கும் அலுவலகம் என்ன சொன்னது தெரியுமா? நாடகமாம்! மூட்டை தூக்குகிறவருக்கு ஏணி ஏற முடியாதாம்!

*

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில்.

இதய டாக்டர்தான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து வந்த வக்கீலம்மா குள்ளமாக, படபடவென்று இருந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கிரேன்காரரின் மனைவி மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இவருக்கு இருக்கிற அலுப்பில் கேஸ் எல்லாம் எதற்கு, கொஞ்ச நாள் தேறியதும் வேலைக்கே போகட்டுமே என்றாள். கால் பக்கம் நின்ற சிக்னலும் தலையாட்டினான்.

சிக்னல் என்பது பட்டப்பெயர். கீழே நின்று கையைக் காட்டுவது அவன் வேலை. அந்தக் கையைப் பார்த்துத்தான் மேலே கேபினில் இருக்கிற கிரேன்காரர் பாரத்தைத் தூக்குவார், இறக்குவார். கிரேன்காரரை அண்ணே என்பான். அவர் மனைவியை அண்ணி என்பான். வீட்டுக்குள் செருப்போடு வருகிற அளவுக்கு உரிமை!

வக்கீலம்மா கண்டுகொள்ளவில்லை.

“மேல்முறையீடு போடறோம். தோத்தா மறுபடி ஏணிதான். அதனால தோக்கக் கூடாது. என்கிட்ட எதையும் மறைக்காதீங்க, சரியா?”

கிரேன்காரர் சரி என்றார்.

மறைத்தார்!

*

வீடு திரும்பிய பிறகு, கிரேன்காரரைத் தனியாக வரச் சொன்னார் வக்கீலம்மா. ஆபீஸ் என்று பெயர். இரண்டு பேர் எழுந்தால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டும். மேஜைமேல் அந்த வீடியோ ஓடியது. நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

“தூக்கறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பாக்கறீங்க. பாத்துட்டு சிரிக்கறீங்க. எதிர்ல யாரு?”

கிரேன்காரர் சுவரைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“சிக்னல்தான்மா. தண்ணித் தொட்டி பூசறதுக்கு ஒத்தாசைக்கு வந்தான். பக்கத்து மாடியிலேருந்து எவனோ படம் பிடிச்சிருக்கான். அதுக்கு இவன் என்ன பண்ணுவான்? தன் பேரை இழுக்காதீங்க, வேலைக்கு உலை வெச்சிருவாங்கன்னு கெஞ்சினான். அதான் சொல்லலை.”

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தார். சொல்லிவிட்டார்.

“அலுவலகத்துக்குச் சாட்சியே அவர்தான். அன்னிக்கு அந்த மாடிக்கே வரலைன்னும், நீங்க எப்பவும் இப்படித்தான் பாரம் தூக்குவீங்கன்னும் சொல்லியிருக்காரு.”

கிரேன்காரர் சிரித்தார். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்றார். வேறு யாராவது இருக்கும் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி வீடியோவைப் போடச் சொன்னார்.

தொட்டிச் சுவரில் ஒரு நிழல். இத்தனை நாளாக யாரும் கவனிக்காத நிழல். உயர்த்திய கை, மேலே நீட்டிய ஒற்றை விரல், சின்னதாக ஒரு சுற்று. பிறகு அந்தக் கை தலையில் ஒரு தட்டுத் தட்டியது.

“விரலைச் சுத்தினா, தூக்குன்னு அர்த்தம். எல்லா சைட்லயும் இதான். ஹெல்மெட்டைத் தட்டறது அவன் மட்டும். நான் பாத்துக்கறேன், தைரியமா தூக்குண்ணேன்னு.” அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கு விளையாட்டா கையைக் காட்டினான்மா. என்னையே கிரேன் மாதிரி. அந்த விரல் சுத்தினா என் கை தானா தூக்கிடும். யோசிக்கவே மாட்டேன். ராத்திரி முழுக்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அது வீடியோல இல்லையே.”

நம்பின கை. அந்தக் கையே கழுத்தை அறுத்திருக்கிறது.

வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார். நிழலுக்கு முகம் கிடையாது, யாரோ என்று சாதித்துவிடுவான் என்றார். பிறகு கேட்டார்.

“இந்தக் கையை அவர் எப்பக் காட்டுவாரு?”

“நான் மேலேருந்து ஹாரன் அடிச்சதும். அடிச்ச உடனே.”

வக்கீலம்மாவின் கண்ணில் குறும்பு ஏறியது.

*

விசாரணை அறை.

கடகடவென்று ஒரு மின்விசிறி. நீள மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. சுவரில் பெரிய திரை. அதில் நிழலோடு நின்றிருந்தது வீடியோ. கடைசி வரிசையில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கிரேன்காரரின் மனைவி.

சாட்சி நாற்காலியில் சிக்னல். சட்டை மடிப்புக் கலையவில்லை. குரலும் கலையவில்லை. அண்ணன் மேல் தனக்கு உயிரே என்றான். ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லையாம்! அந்த மாடிக்குத் தான் போனதே இல்லை என்றான். நிழலா? எவனோ காக்கா விரட்டியிருப்பான் என்றான்.

அதிகாரி வக்கீலம்மாவைப் பார்த்தார். வேறு கேள்வி இல்லை என்றார் வக்கீலம்மா.

கிரேன்காரர் திகைத்தார். அவ்வளவுதானா?

சிக்னல் எழுந்தான். எல்லோருக்கும் ஒரு கும்பிடு. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான்.

வக்கீலம்மா போனை எடுத்தார். முந்தின நாள் சைட்டுக்கே போய்ப் பதிவு செய்துகொண்டு வந்த சத்தம். முழு வால்யூம்!

பாம்ம்ம்... பாம்ம்ம்!

கிரேன் ஹாரன்.

சிக்னல் சட்டென்று திரும்பினான். கை மேலே போயிற்று. விரல் சுற்றியது. அதே கை தலைக்கு வந்து, ஹெல்மெட் இல்லாத வெறும் மண்டையில் டப்பென்று தட்டியது.

தட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“காக்கா விரட்டறீங்களா?” என்றார் வக்கீலம்மா.

பொய்ச் சாட்சி என்றால் உள்ளே போக வேண்டியதுதான் என்று அதிகாரி எழுந்து நின்று சொன்னதும், சிக்னல் மேஜைக்கு ஓடிவந்து கும்பிட்டான்.

“கை காட்டினது நான்தான் சார். ஒத்துக்கறேன். ஆனா வீடியோ எடுத்தது நான் இல்ல.”

“பின்ன யாரு?”

சிக்னல் கடைசி வரிசையைப் பார்த்தான்.

“நான் மட்டும் மாட்டிக்கணுமா? சும்மா உக்காந்திருக்கியே... வாயைத் திறந்து சொல்லேன்டி.”

நேற்று வரை அண்ணி. இன்றைக்கு டி!

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். உதவித்தொகை கிரேன்காரரின் மூச்சோடு நின்றுபோகும். வேலையில் இருக்கும்போது செத்தால் கம்பெனி மனைவிக்கு மொத்தமாக ஒரு பெரிய தொகை கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போவதாக ஏற்பாடு. கத்தி வேண்டாம். விஷம் வேண்டாம். உதவித்தொகையை நிறுத்தினால் போதும், மிச்சத்தை ஏணி பார்த்துக்கொள்ளும்! மாடிப்படி மறைவில் நின்று படம் பிடித்தது அவள். அனுப்பியதும் அவளே.

அதிகாரி கதவை மூடச் சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டார்.

கிரேன்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மனைவியிடம் போனார்.

“ஏணி ஏறப் போறேன்னு அன்னிக்குக் காலைல உன்கிட்டதான் சொன்னேன். பயமா இருக்குன்னும் சொன்னேன். சாப்பாடு கட்டிக் குடுத்தியே.”

அவள் குனியவில்லை. அழவும் இல்லை.

“உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தே என் வயசு போச்சு. எத்தனை நாளைக்கு?”

அவ்வளவு வருடக் குடித்தனத்துக்கு அதுதான் பதில். கிரேன்காரருக்கு உள்ளே ஏதோ இற்று விழுந்தது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

போலீஸ் வந்தது. முதலில் சிக்னல் போனான். பின்னால் அவள் போனாள். மருந்துப் பையை மட்டும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

வக்கீலம்மா கிரேன்காரரைப் பிடித்து உட்கார வைத்தார். உதவித்தொகையை, நிறுத்திய மாதத்திலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுக்க உத்தரவு எழுத உட்கார்ந்த அதிகாரி, பாதியில் பேனாவை வைத்துவிட்டு ஓடிவந்தார். அவர் கையாலேயே தண்ணீர் கொடுத்தார்.

“டாக்டரைக் கூப்பிடட்டுமா? நெஞ்சு வலிக்குதா? இந்த அடிக்கு வேற ஆளா இருந்தா இந்நேரம் சாஞ்சிருப்பாங்க. நீங்க எப்படித் தாங்கினீங்கன்னே தெரியலை.”

கிரேன்காரர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அதை மட்டும் எழுதிடாதீங்க சார். ஹார்ட்டு ஸ்ட்ராங்கா இருக்குன்னு மறுபடியும் நிறுத்திடுவீங்க.”