வாசலில் வைத்த சைகஸ்

"அடிப் பாவி! சாமிக்கு விட்ட கெடாவாச்சேடி!"

விடிந்ததும் விடியாததுமாகக் காத்தாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டருகே கிடா செத்துக் கிடந்தது. நாளை மறுநாள் அவள் மகள் தமிழ்நிலாவுக்குக் காதுகுத்து. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்காகக் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது.

"அண்ணி, நான் ஒண்ணுமே பண்ணலையே..." தம்பி மனைவி எழில்மொழி ஓடிவந்தாள்.

"நீதானே தீனி போடுறவ? புள்ள இல்லாத வயித்தெரிச்சல்! இனிமே எம் புள்ளயத் தொடாதே. காதுகுத்துக்கு மாமன் மடி போதும், நீ வராதே!"

கேட்டீர்களா நியாயத்தை! தாலியறுத்து வந்து நின்ற நாத்தனாரின் கைக்குழந்தைக்காக டீச்சர் வேலையையே விட்டவள் எழில். ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்க வைப்பவளும் அவள்தான்.

மாட்டு டாக்டர் கிடாவின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்புக் கொட்டைகள், கூர்முனை இலைத் துண்டுகள்.

"கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்குதே சைகஸ், ஈச்சமரம் மாதிரி அழகுக்கு வைக்கிற செடி, அதோட கொட்டைங்க. சுத்த விஷம். ஈரலையே கருக்கிடும். யாரு வெட்டிப் போட்டது?"

எழில் புருஷனைப் பார்த்தாள். திருவையாற்றுப் பக்கத்து நர்சரியிலிருந்து அந்தச் செடிகளை ஆசை ஆசையாக வாங்கி வந்தவன் நெடுமாறன். ஆடு மாடு அண்டக்கூடாது என்று அங்கேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். முந்தாநாள், விருந்தாளி வருவார்களே என்று பழுத்த மட்டைகளையும் கொட்டைகளையும் கழித்தவனும் அவன்தான். வயற்காட்டுப் பழக்கம். கழித்த பச்சையெல்லாம் ஆட்டுக்கு முன்னால்தான் போடுவான்; அன்றைக்கும் மறதியாகப் போட்டுவிட்டான். அவரே சொல்லட்டும்... ஒரே ஒரு வார்த்தை!

நெடுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். "செடியெல்லாம்... எழில்தான் பாத்துக்குது."



குழி வெட்ட மண்வெட்டியை எடுத்தவன் சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை வரை சிவப்புக் கீறல்கள்.

"சைகஸ் மட்டையைக் கழிச்சா இப்படித்தான் கிழிக்கும்" என்றார் டாக்டர் சாதாரணமாக.

காத்தாயி பாய்ந்து எழிலின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை!

"ஐயோ... என் வாயி அழுகிப்போக! மன்னிச்சிடுடி ஆத்தா!" கட்டிக்கொண்டு கதறினாள்.

எழிலும் அழுதாள். "நீங்க தெரியாம ஏசுனீங்க அண்ணி. தாங்கிக்குவேன். இவரு தெரிஞ்சே நின்னாரே... காதுகுத்துக்கு வர்றேன். ஆனா இவரு பக்கத்துல உக்கார மாட்டேன்."

"வாய் தொறக்காத மாமன் மடி எம் புள்ளைக்கு எதுக்கு?" காத்தாயி கண்ணைத் துடைத்தாள். "ஊரு என்ன வேணா பேசட்டும். உன் மடியிலதான்டி காது குத்துவேன்!"

"அக்கா... பயத்துலதான் அப்படிச் சொல்லிட்டேன்..." நெடுமாறன் ஆரம்பித்தான்.

இரண்டு பெண்களும் பிள்ளையை எழுப்ப உள்ளே போய்விட்டார்கள்.