நின்றுபோன படம்

பக்கத்து வீடு பூட்டி நாற்பது நாளாயிற்று. மின்வாரிய ஆள் வந்து ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிப் போய்விட்டார். ஆனாலும் அந்த வீட்டு வைஃபையில் ஜெபஷீலாவின் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. முழு சிக்னல்.

தேவாரம் ஊரில் மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஈரக்காற்றோடு, பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா தலைக்குத் தேய்க்கும் வேப்பெண்ணெய் வாசனை, அந்த வீட்டின் பூட்டிய கதவையும் அடைத்த ஜன்னலையும் தாண்டி, ஜெபஷீலாவின் சமையலறை வழியாக மெல்ல மெல்ல வந்து அவள் கட்டிலருகே நின்றது.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. கணவர் பாண்டீஸ்வரனுக்குக் கேரளாவில் ஏலத்தோட்டத்து வேலை. மலைக்கு மேலிருந்தே மனைவியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் கேமரா வைத்தார். அதை அவர் போனில் இணைத்துக் கொடுத்தது ஜெபஷீலாதான். அப்போது தெரிந்த வைஃபை பாஸ்வேர்டை யாரையும் கேட்காமல் தனக்கும் வைத்துக்கொண்டாள். ஊரான் வீட்டு நெய்யே கதையாக ஆறு மாதம் அள்ளி ஊற்றிக்கொண்டாள். தான் சினிமா இறக்கினால் அங்கே கேமரா திணறும் என்பது அவளுக்குத் தெரியும். அக்கா செத்த அன்றும் தெரிந்தேதான் நான்கு சினிமாவை இறங்கவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் பாண்டீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒன்றரை மணி நேரமா பாத்துக்கிட்டேதான் இருந்தேன் தாயி. சேர்ல சிரிச்ச மேனிக்கு உக்காந்திருந்தா. படம் நின்னுபோச்சுன்னு தெரியலையே. அவ கீழ கெடந்திருக்கா."

"இங்கன நெட்டு அப்பிடித்தாண்ணே," என்றாள் ஜெபஷீலா.

அந்தப் பொய் இன்னும் நாக்கில் கசந்தது. போனில் வைஃபை இணைப்பை அணைத்தாள். மறுபடி ஒட்டியது. பாஸ்வேர்டையே அழித்தாள். ஒட்டியது.

திருப்பூரிலிருந்து கணவன் கார்த்திக்ராஜ் வீடியோவில் கூப்பிட்டான். போனைத் தலையணையில் சாய்த்துவைத்து, அவன் முகத்தைப் பார்த்து ஒரு கணம் சிரித்தாள். இவனிடமாவது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு செத்துப்போயிற்று. திரையின் மூலையில் அவளுடைய சின்ன முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, கேக்குதா?"

"என்ன ஜெபா, பேசாம சிரிச்சுக்கிட்டே இருக்க?"

வேப்பெண்ணெய். இப்போது கட்டிலுக்கு அடியில். கணுக்காலில் ஈர விரல்கள். இழுத்தன.

தரையில் விழுந்தாள். தாடை கிட்டித்துக்கொண்டது. கை வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. கட்டிலுக்கு அடியில், கன்னத்தைத் தரையில் வைத்து, மாரீஸ்வரி அக்கா அவளையே பார்த்துக் கிடந்தாள்.

மேலே தலையணையிலிருந்து கார்த்திக்ராஜின் குரல் கேட்டது.

"நெட்டு ஸ்லோவா இருக்கு போல. சரி, அங்கனயே உக்காந்திரு. ஒன்னயப் பாத்துக்கிட்டே நான் வேலையப் பாக்குறேன்."