மலையின் துக்கம்

ஐப்பசி மேகம் காவலூருக்கு வருவதில்லை. காவலூர்தான் அதற்குள் போய்விடும். அன்று பகல் ஒரு மணிக்கு வசந்தியின் வாசலும், எதிரே இருந்த சாமைக் கொல்லையும், அதற்கப்பால் இருந்ததாக நம்பப்படும் உலகமும் பாலில் கரைந்திருந்தன. அந்தப் பாலுக்குள்ளிருந்து முதலில் ஒரு ஹாரன் வந்தது. பிறகு குப்பனின் கருநீல ஜீப் வந்தது. அதிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள்.

"மேடம், கேஸு!" என்றான் குப்பன், தீபாவளி போனஸ் வந்ததுபோல.

வசந்தி முப்பத்தொரு வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். அடிபட்ட வண்டியைப் பார்த்தே அது எதில் மோதியது, சொந்தக்காரர் சொல்வதில் எத்தனை வீதம் பொய் என்று எழுதிவிடுவார். ஓய்வு பெற்றபின் மலையில் ஆடு காணாமல் போனாலும் மோட்டார் காணாமல் போனாலும் ஜனங்கள் அவரிடம் வந்தார்கள். குப்பன் ஒரு காலத்தில் அவரிடம் பொய்க் கிளைம் போட்டு மாட்டிக்கொண்டவன். தன் பொய்யைக் கண்டுபிடித்தவரை மனிதன் வெறுப்பான், அல்லது சிஷ்யனாகிவிடுவான். குப்பன் இரண்டாம் ரகம். ஜீப்பை மட்டும் தினம் மெழுகு போட்டுத் தேய்ப்பான். அதன் கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வலப்பக்கப் பின்கதவில் உள்ளங்கை அளவு ஓர் ஒடுக்கு. அதை மட்டும் எடுக்கவில்லை. இன்சூரன்ஸ்காரனே வந்து எடுக்கட்டும் என்று வீம்பு.

"உக்காரும்மா. பேரு இன்னா?" என்றார் வசந்தி.

"நதியா, மேடம். ரங்கன் பொண்ணு." மூன்று மைல் தள்ளி ஓர் ஊர். பத்தொன்பது வயது. ஊரில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல்; அங்கே உட்கார்ந்து செல்போனில் பாடம் பார்த்து, பழைய காலண்டர் தாள்களின் முதுகில் கார் வரையக் கற்றவள்.

அவள் சொன்னது இது. சென்னையில் கார் வடிவமைப்புக் கற்பிக்கும் ஜீவானந்தம், காவலூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் 'சக்கரத்தின் மௌனம்' என்ற பத்து நாள் பயிற்சி முகாம் நடத்துகிறார். பன்னிரண்டு பேர். உள்ளூருக்கென்று ஒதுக்கிய ஓர் இடத்தில் நதியா. சிறந்த படம் வரைகிறவருக்கு அவருடைய ஸ்டூடியோவில் ஒரு வருடம் தங்கிக் கற்க இடம் உண்டு. ஒரே இடம்.

"நேத்து கடைசிப் படம் மேடம். கான்செப்ட் காரு. கடைக்கு வராத, நாளைக்கு வரப்போற காரு. அதும்மேல இந்த மலை தெரியணும்னாரு."

"கார் மேல எப்டிம்மா மலை தெரியும்?" என்றான் குப்பன்.

"பாலீஷ் போட்ட காருல வானம் மேல வெளுப்பா தெரியும், தரை கீழ கருப்பா தெரியும். நடுவுல மலைக்கோடு ஓடும்ணா. அந்தக் கோடு வுழுந்தாத்தான் காயிதம் தகரமாவும். இல்லாட்டி காயிதம் காயிதமாவே கெடக்கும்."

வசந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். "அப்புறம்?"

"படத்துல யாரும் பேரு போடக் கூடாது. அகங்காரமாம். 'கோடு தன் தாயைத் தானே கூப்பிடும்'னுவாரு. இன்னிக்குக் காலைல ஒவ்வொண்ணா எடுத்து, மூஞ்சிய மூஞ்சிய பாத்து, இது உன்னுதுன்னு அவரே குடுத்தாரு. என் படத்த சரவணகுமாருக்குக் குடுத்துட்டாரு மேடம். அதுக்குத்தான் மொத பரிசு. எனக்கு வேற யாரோ வரைஞ்சது. கேட்டா, இதுவும் அகங்காரம்ன்றாரு. நாலு மணிக்கு மெட்ராசுக்குப் பேரு போவுது."

"போயிட்டா?"

"தையல் கிளாஸு மேடம். அப்பாகிட்ட இந்தப் பத்து நாளுதான் கேட்டு வாங்கினேன்."

"எங்க உக்காந்து வரைஞ்சே?"

"பங்களாக்குப் பக்கத்துல, பலா மரத்தாண்ட. மலைக்கு முதுகு காட்டி உக்காந்து..."

"அய்யோ, அத்த சொல்லாத!" என்று குப்பன் பதறினான். "மலைக்கு முதுகக் காட்டி மலைய வரைஞ்சேன்னா எவன் நம்புவான்? நேத்து மத்தியானம் நானே காய்கறி எறக்கிட்டு அங்கதான் வண்டிக்குள்ள தூங்கினேன். ஒரு ஈ காக்கா பாக்கல."

நதியா வாயைத் திறந்தாள். வசந்தி கையமர்த்தினார். "போதும். மிச்சத்த நீ சொல்லாத. நீ சொல்லிக் குடுத்து நான் பேசினேன்னு ஆயிடக் கூடாது. வண்டிய எடு, குப்பா."

பங்களாவும் மேகத்துக்குள்தான் இருந்தது. ஜீவானந்தம் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, மேகத்துக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியுடன் வந்தார். ஏதோ ஒரு புகழ்பெற்ற காரின் கதவுக் கைப்பிடி அவர் வரைந்தது என்பார்கள். எந்தக் கார் என்று கேட்பது அகங்காரம். பெயரைத் துறக்கச் சொல்லும் அவருடைய பெயர் பேனாவில், துண்டில், தண்ணீர் பாட்டிலில் அச்சாகியிருந்தது.

"இது விசாரிக்கிற விஷயமில்ல, மேடம். உணர்ற விஷயம்," என்றார்.

"உணர்ந்துட்டுப் போயிடறேன் சார். படத்தக் காட்டுங்க."

எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே பேனா. இரண்டு படங்களையும் வசந்தி மேசைமேல் வைத்தார். பரிசு பெற்றது வெள்ளிபோல் மின்னும் நீளமான கார். அதன் பக்கவாட்டில் மொட்டைப்பாறை, பாறைக்கு வலப்புறம் வானிலை ஆய்வாளர்கள் கருவி வைத்திருக்கும் வெள்ளைக் கூண்டு, கூண்டைத் தாண்டியதும் மலைக்கோடு திடீரென்று ஒரு குழிக்குள் இறங்கி ஏறியது. நதியாவுக்குத் தரப்பட்டது கட்டையான கார். அதில் கூண்டு பாறைக்கு இடப்புறம். கோடு குழி விழாமல் ஓடியது. இரண்டின் முதுகிலும் ஜீவானந்தம் கருத்து எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். முதலாவதில்: 'இந்த இறக்கத்தில் மலையின் துக்கம் இருக்கிறது. மேதைமை.' இரண்டாவதில்: 'கிராமத்து வெகுளித்தனம். மாட்டு வண்டி.'

"நீ எங்கப்பா வரைஞ்சே?" என்று சரவணகுமாரைக் கேட்டார். சென்னைப் பையன், பார்வை தரையில்.

"வராந்தாவுல மேடம். நாற்காலி போட்டு, மலையப் பார்த்து."

"நானே பார்த்தேன்," என்றார் ஜீவானந்தம். "ஒரு தவம் மாதிரி இருந்தது."

குப்பன் காதருகே கிசுகிசுத்தான்: "பையன் முழியப் பாருங்க மேடம். திருட்டு முழி."

"பசி முழியும் அப்டித்தான் இருக்கும். சும்மா இரு." வசந்தி வராந்தாவுக்கு வந்தார். எதிரே மலை இல்லை, வெள்ளைதான் இருந்தது. "சார், பத்து நாளா பாக்கறீங்க. இங்க நின்னா கூண்டு பாறைக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

"மலை வெளியே இல்ல மேடம். உள்ளேதான் இருக்கு."

டீ கொண்டுவந்த சமையல்காரப் பெரியம்மாள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாத்துக்கு இம்மாம் யோசன? பாறைக்கு இடது கைப் பக்கம் கூண்டு."

"அந்தாண்ட ஏதாச்சும் பள்ளம்?"

"பள்ளமா? நான் பொறந்ததுலேருந்து ஏறி எறங்கறேன், பள்ளம் ஏது?"

"அந்தப் பள்ளம் மலையில இல்லம்மா," என்று ஜீவானந்தம் கனிவோடு சிரித்தார். "மலையோட துக்கத்துல இருக்கு. பயிற்சி பெற்ற கண்ணுக்குத்தான் படும்."

பெரியம்மாள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "டீ ஆறுது," என்று உள்ளே போனாள்.

மணி மூன்று இருபது. வசந்தி பங்களாவின் பக்கவாட்டுக்குப் போனார். பலா மரத்தடிச் சேற்றில் நேற்றைய டயர் தடம் அப்படியே பதிந்திருந்தது. நான்கு முழம் தள்ளி, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குப் புல் படிந்திருந்தது. "குப்பா, வண்டிய அதே தடத்துல நிறுத்து. ஒரு விரக்கடை தப்பக் கூடாது."

ஜீப் நின்றது. வசந்தி படிந்த புல்லைக் காட்டினார். "சார், இங்க உக்காருங்க. வண்டியப் பாத்து."

"தரையிலயா?"

"உணர்றதுக்கு நாற்காலி எதுக்கு சார்?"

கறுப்புக் கால்சட்டை ஈரப் புல்லில் அமர்ந்தது. எல்லோரும் அவருக்கு இருபுறமும் நின்றார்கள். ஜீப்பின் பளபளப்பில் வெண்மை மட்டும் இருந்தது. மூன்றரை ஆயிற்று. மூன்று நாற்பது. எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டது. மாடு எங்கே என்று தெரியவில்லை. நதியா கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். மேகம் அவசரப்படவில்லை, அதற்கு நாலு மணி என்று ஒன்று கிடையாது.

மூன்று ஐம்பதுக்கு வெளிச்சம் மாறியது. யாரோ திரையை நூல் நூலாகப் பிரிப்பதுபோல் மேகம் விலக, கருநீலக் கதவில் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி பிறந்தது. அது கூண்டாயிற்று. அதற்கு இடப்புறம் மொட்டைப்பாறை எழுந்தது. கூண்டுக்கு வலப்புறம் ஓடிய மலைக்கோடு, கதவின் ஒடுக்குக்கு வந்ததும் சட்டென்று குழிக்குள் இறங்கி மறுபடி ஏறியது. உலகம் முழுவதும் ஒரு ஜீப்பின் கதவுக்குள் சென்று தங்கிவிட்டது போலிருந்தது.

குப்பன்தான் கலைத்தான். "டேய்! என் டொக்கு!"

"ஆமா," என்றார் வசந்தி. "இப்ப எல்லாரும் திரும்பி மலையப் பாருங்க. கூண்டு பாறைக்கு இடப்பக்கம். பள்ளம் கெடையாது. நேரா பாத்து வரைஞ்சவன் அப்டித்தான் வரைவான். அது அந்தக் கட்டைக் காரு. நாற்காலில உக்காந்து வரைஞ்சது சரவணகுமார். மலைக்கு முதுகு காட்டி, வண்டிக் கதவப் பாத்து வரைஞ்சவங்களுக்கு இடம் வலம் மாறும். கதவு ஒடுங்கின எடத்துல மலையும் ஒடுங்கும். முப்பத்தொரு வருஷம் நான் ஒடுக்கு கண்டுபிடிச்சதே இப்டித்தான். தகரத்த பாக்க மாட்டேன், தகரத்துல தெரியற கோட்டப் பாப்பேன். இந்தப் பொண்ணு கார்ல மலை எப்டித் தெரியும்னு நெனச்சு வரையல. பாத்து வரைஞ்சிருக்கா."

"அப்போ... அந்தத் துக்கம்?" என்று ஜீவானந்தம் மெல்லக் கேட்டார்.

"அது என் துக்கம் சார்," என்றான் குப்பன். "ரிவர்ஸ் எடுக்கசொல்ல புளியமரத்துல வுட்டது. மேடம் கிளைமே குடுக்கல."

கறுப்புக் கண்ணாடி முதன்முறையாகக் கழன்றது. "ஆக, இந்தப் பையன் திருடியிருக்கான்."

"யாரும் திருடல சார். நீங்க குடுத்தீங்க. பேரு இல்லாத படம், நல்ல படம் மெட்ராஸ் மூஞ்சிக்கு, சுமாரானது மலை மூஞ்சிக்குன்னு உங்க கை தானா போயிருக்கு. கோடு தாயக் கூப்பிடல. நீங்கதான் பிரசவம் பாத்தீங்க."

சரவணகுமார் தலை நிமிராமலே பேசினான். "கையில குடுத்ததும் எல்லாரும் கைதட்டினாங்க மேடம். அப்புறம் வாய் வரல. என் படத்த மாட்டு வண்டின்னு சிரிச்சாங்கல்ல... நானும் சேர்ந்து சிரிச்சேன்." அவன் நதியாவைப் பார்த்தான். "மன்னிச்சிருங்க."

"சிரிக்கற அளவுக்கு அது மோசமில்ல," என்றாள் நதியா. "சக்கரம் மட்டும் சின்னதாப் போச்சு."

ஜீவானந்தம் எழுந்து, பின்புறத்தைத் தட்டியபடி பழைய உயரத்துக்கு வர முயன்றார். "யோசிச்சுப் பார்த்தா, அந்த வெகுளித்தனத்துலயும் ஓர் ஆழம் இருக்கு. இந்த வெள்ளிக் காரு வெறும் பார்த்து வரைஞ்சதுதானே. பரிசை மறுபடி பரிசீலனை..."

வசந்தி வெள்ளிக் காரின் தாளைத் திருப்பினார். "'மேதைமை.' கீழ கையெழுத்து. தேதியும் போட்டிருக்கீங்க. இத மெட்ராஸ்ல வேற யாராச்சும் படிச்சா நல்லா இருக்காதுங்க சார்."

மணி மூன்று ஐம்பத்தேழு. ஜீவானந்தம் செல்போனை எடுத்து, சரவணகுமார் என்றிருந்ததை அழித்து, நதியா என்று அடித்தார். விரல் நின்றது. தோற்றாலும் கடைசிச் சொல் தனதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் குரலில் கேட்டார்: "நீ சொல்லும்மா. இந்தக் காரோட நீளத்துல ஒரு ராஜகம்பீரம் வெச்சிருக்கே. என்ன தத்துவம்?"

நதியா படத்தில் காரின் பின்பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

"தத்துவம் இல்ல சார். ஆறு பேர் உக்காரலாம். ஒருத்தர் படுத்துட்டு வரலாம். எங்க ஊர்லேருந்து போளூர் ஆஸ்பத்திரிக்கு இப்ப படுத்துட்டுப் போற வண்டி இல்ல. சின்னம்மாவ உக்கார வெச்சே இட்னு போனோம். அதான் நீளம்."

ஜீவானந்தம் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பொத்தானை அழுத்தினார்.

"அனுப்பிட்டீங்களா சார்?"

"அனுப்பிட்டேன்."

"காட்டுங்க."

அவர் போனை நீட்டினார். நதியா அதை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அவசரமில்லாமல், இரண்டு தடவை படித்தாள்.